கரகரன்னு இருக்கிற பழைய புளூகிராஸ் லைவ் ரெக்கார்டிங்கை எப்படித்தான் கேக்குறது?

புளூகிராஸ்னா பேஞ்சோ (கிட்டார் மாதிரி ஒரு கம்பி வாத்தியம்), ஃபிடில், மேண்டலின் எல்லாம் வச்சு வாசிக்கிற அமெரிக்க கிராமிய இசை. அதைத் தொடங்கி வச்சவர் பில் மன்ரோ, அவர் பேண்டுல இருந்து பிரிஞ்சு தனியா போனவங்க பாடகர் ஃப்ளாட்டும் பேஞ்சோ வாசிச்ச ஸ்க்ரக்ஸும். ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "பில் மன்ரோ, ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் ஸ்டூடியோ பாட்டெல்லாம் ரெண்டு வருஷமா கேக்குறேன், ரொம்பப் பிடிக்கும். லைவ்ல இன்னும் நல்லா இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்கன்னு 1940கள் ரேடியோ ரெக்கார்டிங்கும் 50கள் டேப்பும் தேடிப் பிடிச்சேன். ஒரே இரைச்சல். பேஞ்சோ ஒரு நேரம் காதைக் கிழிக்குது, அடுத்த நிமிஷம் ஆளையே காணோம். எல்லாப் பாட்டும் ஒண்ணு போலவே ஓடுது. இதுக்குன்னே எட்டாயிரம் ரூபா போட்டு ஹெட்போன் வாங்கினேன், இன்னும் மோசமாயிருச்சு. இரைச்சலை எடுக்கிற சாஃப்ட்வேர் போட்டா தண்ணிக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு. கோளாறு ரெக்கார்டிங்லயா என் காதுலயா?"

காதுல ஒண்ணும் இல்லைங்க. முதல்ல அந்த ஹெட்போனைக் கழட்டி வைங்க. இந்த ரெக்கார்டிங் எல்லாமே மோனோ, ஹெட்போன்ல மோனோ கேட்டா மொத்த பேண்டும் மண்டைக்கு நடுவுல வந்து நெரிசலா உக்காந்துக்கும், கூடவே இரைச்சலும் அங்கயே உக்காரும், நல்ல ஹெட்போனா இருந்தா அந்த இரைச்சலை இன்னும் நல்லாவே காட்டும். ஒரே ஒரு ஸ்பீக்கர்ல போடுங்க, ஆறேழு அடி தள்ளி உக்காருங்க. பேஸ் பூஸ்ட், சரவுண்ட் எல்லாத்தையும் அணைச்சிடுங்க. இதுலயே உங்க பிரச்சினை பாதி போயிடும்.

மீதிப் பாதிதான் சுவாரஸ்யம், ஏன்னா நீங்க கோளாறுன்னு நினைக்கிறதுல பாதி கோளாறே இல்ல. பேஞ்சோ காணாம போகுதுன்னீங்களே, அது எங்கயும் போகல, எர்ல் ஸ்க்ரக்ஸ் ரெண்டு எட்டு பின்னால போயிருக்கார், அவ்ளோதான். அந்தக் காலத்துல பெரும்பாலும் மேடையில ஒரே மைக், மொத்த பேண்டும் அதைச் சுத்தி. சோலோ வாசிக்கிறவர் உள்ள புகுந்து மைக்குக்குக் கிட்ட வருவார், முடிச்சதும் ஒதுங்குவார், அதே நொடியில இன்னொருத்தர் உள்ள வருவார், கோரஸ் வந்தா மூணு தலை ஒண்ணா சேரும், பெரிய பேஸ் வாசிக்கிறவர் மட்டும் பின்னாடியே நிப்பார். மிக்ஸரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, யார் சத்தம் கூடணும் குறையணும்ங்கிறதை காலாலயே பண்ணினாங்க. மைக்கிலேர்ந்து தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமார் 6 டெசிபல் விழும், அப்போ ஒரு அடியில இருந்தவர் நாலு அடிக்குப் போனா 12 டெசிபல் போச்சு, உங்க காதுக்கு ஆள் மறைஞ்ச மாதிரிதான் இருக்கும். இது தெரிஞ்சதுக்கப்புறம் கேட்டுப் பாருங்க, ரெக்கார்டிங்குக்குள்ள ஆளுங்க நடக்கிறது தெரியும். பாட்டு வரி முடியிறதுக்குள்ளயே பேஞ்சோ மெதுவா பெருசாகிட்டு வரும், சோலோவோட முதல் ஸ்வரம் விழும்போது ஆள் சரியா மைக்குக்கு முன்னால. ஸ்டூடியோ ரெக்கார்டிங்ல இந்த நடமாட்டம் இவ்ளோ வெளிப்படையா கிடைக்காது. எனக்கு லைவ் பிடிக்கிறதுக்கு முதல் காரணமே இதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

ஆனா சத்தம் ஏறி இறங்குறது எல்லாமே இந்த நடைன்னு நினைச்சுடாதீங்க. அமெரிக்காவுல நாஷ்வில் ஊர்ல ரைமன் ஆடிட்டோரியத்துல நடந்த கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிற மேடை நிகழ்ச்சி டபிள்யூஎஸ்எம் ரேடியோ ஸ்டேஷன்ல போகும், 650 கிலோஹெர்ட்ஸ், 50,000 வாட், ராத்திரியானா பல மாநிலம் தாண்டி எடுக்கும், ஏன்னா ஏஎம் சிக்னல் ராத்திரியில மேல போய் அயனமண்டலத்துல பட்டுத் திரும்பும். அப்படித் திரும்பி வர்ற சிக்னல் அலை மாதிரி மங்கி மங்கி வரும். தூரத்து ஊர்ல ரேடியோ முன்னால உக்காந்து யாரோ பதிஞ்சிருந்தா அதுவும் சேர்ந்துதான் பதிவாகியிருக்கும். எப்படிப் பிரிச்சுப் பாக்குறது? ஒரு வாத்தியம் மட்டும் இறங்கினா அது நடை. பேண்டு, கைதட்டல், அறிவிப்பாளர் குரல் எல்லாம் ஒண்ணா இறங்கினா அது சிக்னல்.

40கள்ல வீட்டுல டேப் ரொம்ப அபூர்வம். அலுமினியத் தட்டுமேல லாக்கர்ங்கிற வார்னிஷ் மாதிரி பூச்சு பூசின டிஸ்க்குல நேரடியா ஊசியால வெட்டிப் பதிவாங்க. ஸ்டேஷன்கள்ல இருந்த 16 இஞ்ச் டிஸ்க்குல ஒரு பக்கம் சுமார் 15 நிமிஷம் பிடிக்கும். பூச்சு ரொம்ப மென்மையானது, போடப் போட தேயும், வருஷம் போகப் போக வெடிச்சு உரியும். டக் டக்னு ஒரே தாளத்துல வர்ற சத்தம் அந்த வெடிப்புதான். ஃபைல் ஸ்டீரியோவா இருந்தா மோனோவா மாத்திக் கேளுங்க, இந்த டிஸ்க் இரைச்சல்ல ஒரு பங்கு ரெண்டு சேனல்லயும் எதிரெதிரா இருக்கும், சேர்த்தா ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு போயிடும். டேப்புலேர்ந்து வந்த ஃபைல்னா கதை வேற, மோனோவா சேர்த்ததும் மேல் ஸ்தாயி மங்கினா மெஷின்ல டேப்பைப் படிக்கிற ஹெட் கோணலா இருந்திருக்கு, அப்போ சேர்க்காம ரெண்டுல தெளிவா இருக்கிற சேனலை மட்டும் எடுத்துக்கோங்க.

இரைச்சலை எடுக்கிற சாஃப்ட்வேர் விஷயத்துல நானும் உங்கள மாதிரிதான் இருந்தேன். ஒரு தடவை ராத்திரி முழுக்க உக்காந்து ஒரு டேப்பை சுத்தம் பண்ணினேன், காலையில கேட்டா ஃபிடில் நீராவி மாதிரி மிதக்குது, பேஞ்சோ மொன்னையாயிருச்சு. காரணம் சிம்பிள். பேஞ்சோ ஸ்வரம் பட்டுன்னு ஆரம்பிச்சு உடனே தேயுற சத்தம், க்ளிக் எடுக்கிற சாஃப்ட்வேருக்கு அதுவும் இதுவும் ஒண்ணுதான், ஸ்க்ரக்ஸையே கீறல்னு நினைச்சு வழிச்சுப் போட்டுடும். அதுக்குப் பதிலா ஈக்குவலைசர்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, அங்க பெரும்பாலும் உறுமல்தான் இருக்கு. 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல கொஞ்சமா தணிங்க. நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டே ஆகணும்னா 6 டெசிபல், அதுக்கு மேல வேண்டாம். இரைச்சலோட ரெண்டு பாட்டு கேட்டுட்டா மூணாவது பாட்டுல காதே அதை ஒதுக்கிடும், பழைய கச்சேரி டேப் கேட்டு வளர்ந்தவங்களுக்கு நான் இதைச் சொல்லவே வேண்டாம்.

வேகம் பத்தி நீங்க கேக்கல, ஆனா எல்லாப் பாட்டும் ஒண்ணு போல ஓடுதுன்னு சொன்னதால சொல்றேன். டேப்பும் டிஸ்க்கும் மெஷினுக்கு மெஷின் வேகம் மாறும், 6 சதவீதம் கூட ஓடினா பாட்டு ஒரு அரைச்சுருதி ஏறிடும். ட்யூனர் ஆப் வச்சுப் பாத்து, ஜி-ல இருக்க வேண்டிய பாட்டு அரைச்சுருதி மேல இருக்கே, வேகம் தப்புன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க, 50கள்ல ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் பேண்டே வாத்தியத்தை மேல ஏத்தித்தான் சுருதி சேர்த்து வாசிச்சாங்க. மன்ரோவும் பி, பி ஃப்ளாட்னு குரல் உச்சத்துல நிக்கிற சுருதியா பாத்து எடுப்பார். அதனால பாட்டை விட்டுட்டு பேச்சைக் கேளுங்க, அறிவிப்பாளர் கீச்சுக் குரல்ல பேசினா வேகம் தப்பு. இன்னொரு வழி, பின்னணியில கரண்ட் ரீங்காரம் இருந்தா, கீழ வெட்டாத ஃபைலை ஆடாசிட்டிங்கிற ஆடியோ சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரம் போட்டுப் பாருங்க. அமெரிக்கா கரண்ட் 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர் மாதிரி 50 இல்ல. ஸ்பெக்ட்ரத்துல அந்த ரீங்காரத்தோட உச்சி 63ல நின்னா டேப் 5 சதவீதம் வேகமா ஓடியிருக்குன்னு அர்த்தம். அந்த ரீங்காரம் பின்னாடி டிஜிட்டலாக்கும்போது ஏறினதாவும் இருக்கலாம், அதனால பேச்சோட ஒத்துப் பாத்துட்டு மாத்துங்க. மாத்தும்போது 'சேஞ்ச் ஸ்பீட்'தான் (புது வெர்ஷன்ல 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்'), டெம்போவை மட்டுமோ பிட்சை மட்டுமோ மாத்துறது இல்ல.

அடுத்தது, நெட்ல போட்டிருக்கிற தேதியை நம்பாதீங்க, பாதி தப்பு. யார் வாசிக்கிறாங்கன்னு வச்சு நீங்களே கண்டுபிடிக்கலாம், எனக்கு இது ஒரு விளையாட்டு மாதிரி. மன்ரோ 1939ல ஆப்ரியில சேர்ந்தார். பேண்டுல அக்கார்டியன் கேட்டா அது சாலி ஆன் ஃபாரஸ்டர், அப்போ 1943க்கும் 46க்கும் நடுவுல. ஃப்ளாட் குரலும் ஸ்க்ரக்ஸோட மூணு விரல் பேஞ்சோவும் மன்ரோவோட சேர்ந்து வந்தா 1945 டிசம்பருக்கும் 1948 ஆரம்பத்துக்கும் நடுவுல, கூட சப்பி வைஸ் ஃபிடில் இருந்தா இன்னும் நிச்சயம். அதுக்கப்புறம் வந்த டான் ரீனோவும் மூணு விரல்தான், அங்க பலர் ஏமாந்துருக்காங்க, ஃப்ளாட் குரல் இருக்கான்னு பாத்துக்கணும். ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் தனியா போனப்புறம் உள்ள ரெக்கார்டிங்ல டோப்ரோ (படுக்க வச்சு இரும்புக் கட்டையால வழுக்கி வாசிக்கிற கிட்டார்) கேட்டா அது ஜாஷ் கிரேவ்ஸ், 1955 அல்லது அதுக்கப்புறம்.

எங்க ஆரம்பிக்கிறது? நீங்க தலைகீழா ஆரம்பிச்சிருக்கீங்க, அதான் சிரமம். 1962 டிசம்பர் 8ல ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸ் நியூயார்க் கார்னெகி ஹால்ல வாசிச்சது முறையா பதிஞ்சது, அதுலேர்ந்து தொடங்குங்க, காது அப்படியே ஸ்டூடியோலேர்ந்து லைவுக்கு இறங்கி வரும். அப்புறம் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் 1993ல வெளியிட்ட மன்ரோவோட லைவ் தொகுப்பு, 1956லேர்ந்து 69 வரைக்கும் உள்ளது, ரால்ஃப் ரின்ஸ்லர் தொகுத்தது. அந்தக் காலத்துல மேரிலாண்ட்ல நியூ ரிவர் ராஞ்ச், பென்சில்வேனியால சன்செட் பார்க்னு ஞாயித்துக்கிழமை திறந்தவெளி மேடைங்க இருந்துச்சு, மைக் சீகர் மாதிரி ஆளுங்க டேப் ரெக்கார்டரைத் தூக்கிட்டுப் போய் அங்கெல்லாம் பதிஞ்சாங்க. மூணாவதா ஸ்டான்லி பிரதர்ஸ்ங்கிற இன்னொரு புளூகிராஸ் பேண்டு, வர்ஜீனியா பிரிஸ்டல்ல டபிள்யூசிஒய்பி ஸ்டேஷனோட 'ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்' நிகழ்ச்சியில பாடினது. இதெல்லாம் பழகினப்புறம்தான் 1946-47 ஆப்ரி பதிவுகளுக்குப் போகணும். அப்போ ஸ்க்ரக்ஸ் பேஞ்சோ ஆரம்பிச்சதும் ரைமன் கூட்டம் போடுற கூச்சலைக் கேளுங்க, அப்படி ஒரு வாசிப்பை அதுவரைக்கும் கேட்டிராத ஜனங்க.

வித்தியாசமே தெரியலைன்னா பத்து பாட்டு கேக்காதீங்க, ஒரே பாட்டை எடுத்துக்கிட்டு வருஷவாரியா கேளுங்க. 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை மன்ரோ 1946ல பதிஞ்சது மெதுவான மூணு தட்டு வால்ட்ஸ். 1954ல எல்விஸ் அதை நாலு தட்டுல வேகமா பாடினார், அதுக்கப்புறம் மன்ரோ தானே முன்பாதியை வால்ட்ஸாவும் பின்பாதியை வேகமாவும் பாட ஆரம்பிச்சார். லைவ்ல அந்தத் திருப்பம் வர்ற இடத்துல கூட்டம் என்ன பண்ணுதுன்னு பாருங்க. ஒரு தடவை மன்ரோ மேண்டலினை மட்டும் பின்தொடருங்க, ரெண்டாம் தட்டுலயும் நாலாம் தட்டுலயும் சக் சக்னு வெட்டுறது, தாளம் முழுக்க அதுமேலதான் நிக்குது. அடுத்த தடவை பேஸ் மட்டும். பின்னால நிக்கிற ஆளாச்சே, சுலபமா கேக்காது, ஆனா ஒரு தடவை பிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் தப்பாது.

இன்னொண்ணு, பாட்டுக்கு நடுவுல வர்ற பேச்சு, ஜோக், மாவு விளம்பரம் இதையெல்லாம் தள்ளிவிட்டுக் கேக்குற பழக்கம் இருந்தா விட்டுடுங்க. 1953லேர்ந்து ஃப்ளாட் அண்ட் ஸ்க்ரக்ஸுக்கு ஸ்பான்சர் மார்த்தா வைட் மாவுக் கம்பெனி, விடிகாலை டபிள்யூஎஸ்எம்ல அந்த விளம்பரப் பாட்டோடதான் நிகழ்ச்சியே. கார்னெகி ஹால்ல டிக்கெட் வாங்கி உக்காந்திருந்த நியூயார்க் கூட்டத்துலேர்ந்து அந்த மாவுப் பாட்டைப் பாடுங்கன்னு கத்துறாங்க, அவங்களும் பாடுறாங்க. முதல்ல அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்க, ஸ்பீக்கர்ல.