மினுமினுப்பை நம்பாதீர்கள்

கேள்வி: அண்ணன் கனடாவில் இருக்கிறார், துவக்கு லைசன்ஸும் எடுத்துவிட்டார். பழைய மவுசர் 98 போல்ட் ரைஃபிள் ஒன்று மலிவாக வருகிறதாம். குழாயையும் கட்டையையும் மாற்றித் தன் விருப்பப்படி கட்டப்போகிறார். எதைப் பார்த்து வாங்கச் சொல்லட்டும்? - வாசகர், பண்டாரவளை

பதில்: குழாயும் கட்டையும் போகப்போகிறது என்றால், அண்ணன் காசு கொடுப்பது நடுவில் இருக்கும் இரும்புக்கு மட்டும்தான். அதாவது குழாய் பொருந்தும் உடல் பகுதியான ரிசீவரும், அதற்குள் முன்னும் பின்னும் ஓடித் தோட்டாவைப் பூட்டும் போல்ட்டும். ஆகவே கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லட்டும். மரம் மூடிய இடத்தில்தான் ஈரம் தங்கி இரும்பைத் தின்னும். வெளியே எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கழற்ற மறுக்கிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

விற்பதற்கு முதல் நாள் பூசுகிற பூச்சைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். பதுளையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். புத்தம் புதுக் கறுப்புப் பெயின்ட், கண்ணாடி மாதிரி இருந்தது. மூன்று மாதம் கழித்து ஹேண்டிலுக்குக் கீழே பெயின்டைச் சுரண்டினால், சேஸி நம்பரை அராவிவிட்டு வேறு நம்பர் அடித்திருந்தார்கள். அதில் ஒரு 3 மட்டும் சரிந்து நின்றது. போட்ட காசு போனதுதான். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் முதலில் நம்பரைப் பார்ப்பேன்.

அண்ணனும் அதையே செய்யட்டும். 1898இல் ஜெர்மன் படைக்கு வந்த வகை இது. இரண்டு உலகப் போர்களில் கைமாறியதில் ஒன்றின் போல்ட் இன்னொன்றில் ஏறியவை ஏராளம். போல்ட்டிலும் ரிசீவரிலும் உள்ள நம்பர் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் போல்ட் பூட்டியபின் தோட்டாவுக்கு இருக்கும் இடைவெளியை, ஹெட்ஸ்பேஸ் என்பார்கள், துவக்குத் திருத்துகிறவர் கேஜ் வைத்து அளக்காமல் ஒரு வெடிகூட வைக்கக் கூடாது. புதுக் குழாய் போட்ட பிறகும் அளக்க வேண்டும். அப்புறம், போல்ட்டைப் பூட்டிப் பிடிக்கும் அதன் காதுகள் ரிசீவருக்குள் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா, யாராவது ரிசீவரைக் கண்டபடி அராவியோ துளைத்தோ இருக்கிறார்களா என்றும் பார்க்கட்டும். அந்த எஃகுக்கு மேல்தோலில்தான் கடினம். அதைத் தேய்த்துவிட்டால் உள்ளே மெத்தென்ற இரும்புதான். அப்படிப்பட்டதைச் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் பன்றித் தொல்லை. தாத்தா காலத்துத் துவக்கு ஒன்றை ஒருவர் தருகிறேன் என்கிறார், லைசன்ஸ் இல்லை. வாங்கலாமா? - வாசகர், ஹட்டன்

பதில்: கூடாது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு.

கேள்வி: திருத்தி எடுக்கலாம் என்று பழைய ஹொண்டா சிடி 125 ஒன்றை ஓபன் பேப்பரில், அதாவது என் பெயருக்கு மாற்றாமலே, வாங்கினேன். விற்றவர் இப்போது போனை எடுப்பதில்லை. - வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, ஓபன் பேப்பரில் வாங்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளரின் விலாசத்துக்கு நேரில் போய்க் கையெழுத்து வாங்குங்கள். அது கிடைக்கும்வரை வண்டியில் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: சீட்டுக் காசில் புது கிரைண்டர் வாங்கினேன். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டது. "விற்றதைத் திரும்ப எடுக்கமாட்டோம்" என்கிறார்கள், பில்லும் தரவில்லை. - வாசகி, லிந்துலை

பதில்: அக்கா, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் சொல்கிறது. இன்னொரு முறை கடைக்குப் போய்க் கேளுங்கள், கூட ஒருவரை அழைத்துப் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977இல் அழையுங்கள். ஆனால் போனோடு விடாதீர்கள், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். கடையின் பெயர், வாங்கிய திகதி, கொடுத்த தொகை, கிரைண்டரின் அடியில் உள்ள நம்பர், இவ்வளவும் போதும். தமிழிலேயே எழுதுங்கள்.