பழைய ஐ3 கணினிக்கு ஐ7 போடலாமா?

கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐ3-2120 புரொசெசர், எச்61 மதர்போர்ட், 4 ஜிபி றாம், பழைய ஹார்ட் டிஸ்க். மகளின் ஒன்லைன் வகுப்பு நடக்கும்போது வேறொன்றையும் திறக்க முடியவில்லை. பாவித்த ஐ7-3770 போட்டால் சரிவரும் என்கிறார்கள். மதர்போர்ட்டும் மாற்ற வேண்டுமா?"

மதர்போர்ட் மாற்றத் தேவையில்லை. ஆனால் புரொசெசருக்குக் காசு கொடுக்க முன், வகுப்பு நடக்கும் நேரத்தில், றாம், டிஸ்க், சிபியூ (அதாவது புரொசெசர்) எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மனேஜரைத் திறந்து பாருங்கள். றாம் நிரம்பி, டிஸ்க் 100 வீதத்தில் நின்றால் குற்றம் புரொசெசரில் இல்லை. றாமில் இடமில்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கிறது; கணினி இழுபடுவது அதனால்தான். 4 ஜிபி டிடிஆர்3 றாம் இன்னொன்றும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, அதைவிட வேகமான ஒரு சாட்டா எஸ்எஸ்டியும் போடுங்கள் (சாட்டா என்பது டிஸ்க்கை மதர்போர்ட்டோடு இணைக்கும் வழி). எச்61 போர்ட்டில் இருப்பது சாட்டா 2 வேகம் மட்டுமே என்பதால் விலை கூடிய எஸ்எஸ்டி வீண்.

சிபியூவும் 100 வீதத்தில் நின்றால் புரொசெசரையும் மாற்றலாம். என் தெரிவு ஐ5-3470. புரொசெசருக்குள் வேலை செய்யும் கோர்கள் இரண்டிலிருந்து நான்காகும். வகுப்புக்கும் பாடவேலைக்கும் அது தாராளம். ஐ7-3770 வீடியோ எடிற்றிங் செய்பவருக்கே பயன். எதை வாங்கினாலும் சொக்கெட் (மதர்போர்ட்டில் புரொசெசர் அமரும் இடம்) எல்ஜிஏ 1155 ஆக இருக்க வேண்டும். ஐ5-4570 போன்ற நான்காம் தலைமுறை 1150, பொருந்தவே பொருந்தாது.

பலர் தடுக்கி விழும் இடம் பயோஸ், அதாவது கணினியைத் தொடக்கிவைக்கும் மதர்போர்ட் மென்பொருள். உங்களுடையது இரண்டாம் தலைமுறை, 3470 மூன்றாம் தலைமுறை. பழைய பயோஸ் புதியதை அடையாளம் காணாது. காற்றாடி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். ஆகவே பழைய புரொசெசர் இருக்கும்போதே பயோஸை அப்டேட் செய்யுங்கள். போர்ட் மாடலும் பயோஸ் வேர்ஷனும் விண்டோஸின் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் இருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குரிய சிபியூ பட்டியலில் 3470 இல்லையென்றால் வாங்க வேண்டாம். டெல் ஒப்டிப்ளெக்ஸ் 390 போன்றவை மூன்றாம் தலைமுறையை ஏற்பதில்லை. அப்போது ஐ5-2400 போடுங்கள். அப்டேட் நடுவில் கரண்ட் போனால் போர்ட்டே செத்துவிடும், யூபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கழற்றும்போது கூலரை (புரொசெசரின் மேலுள்ள காற்றாடிப் பகுதி) நேரே இழுக்காமல் மெல்லத் திருப்பி எடுங்கள். 1155 இல் பின்கள் இருப்பது சொக்கெட்டில். ஒரு பின் வளைந்தாலும் தொல்லைதான். புரொசெசரின் மூலையிலுள்ள முக்கோணத்தை சொக்கெட்டின் அடையாளத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வையுங்கள். புரொசெசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடைத்து, புதிய தேர்மல் பேஸ்ட் ஒரு பயறளவு வையுங்கள். கூலரின் நான்கு பின்களையும் குறுக்குமறுக்காக அழுத்தி, மதர்போர்ட்டின் பின்பக்கம் அவை வெளிவந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சரியாக இறங்காவிட்டாலும் சூடு ஏறும். எங்கள் சித்திரை வெக்கையில் அது உடனே தெரியும்: வேலை நடக்கும்போது 90 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிறுத்தி, கூலரைத் திரும்பப் பொருத்துங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த இரண்டு தலைமுறைகளையும் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. ஆகவே இந்தக் கணினியில் பெரிய தொகையைக் கொட்டாதீர்கள். றாமும் எஸ்எஸ்டியும் போட்டு, வகுப்புக்கு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ற் என்ற இலவச இயங்குதளத்தைப் பழகினால் இன்னும் சில காலம் பாவிக்கலாம்.