சென்னையிலிருந்து உயரப் பலூன் பறக்கவிடச் சட்டம் இடம் தருகிறதா?

கேமரா கட்டிய பலூனை 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்ப வேண்டும், மெரினாவிலிருந்து ஏவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இடம் தருகிறது. மெரினா இடம் தராது.

வரைபடத்தைப் பாருங்கள். மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி, தெற்கே கல்பாக்கம், வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. மிச்சமிருக்கும் கிழக்கில் கடல். ஆகவே வந்தவாசி, செய்யாறு பக்கம் ஒரு திறந்த வெளியைத் தேடுவதுதான் முதல் வேலை. விண்ணப்பமெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கே ஏவுவது என்பதைக் காற்றும் சேர்ந்தே தீர்மானிக்கும். ஜூலையில் தரையருகே வீசும் மேற்குக் காற்று பலூனைக் கடலை நோக்கித் தள்ளும். 14, 15 கிலோமீட்டருக்கு மேலே போனதும் கிழக்கிலிருந்து பாயும் ஜெட் காற்று அதையே உள்நாட்டுக்குத் திருப்பிவிடும். இந்த ஜெட் காற்றைப் பற்றி 1958-இல் எழுதியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம். சோண்ட்ஹப் என்ற இலவசக் கணிப்புத் தளத்தில் ஏவுமிடத்தைக் கொடுத்து, ஒரு வாரம் தினமும் விழும் இடத்தைக் குறித்து வாருங்கள். புள்ளிகள் கடலில் விழுந்தால் இடத்தையோ மாதத்தையோ மாற்றுங்கள்.

இனி அனுமதி. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏ, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை, பாதுகாப்புத் துறை, உள்ளூர்க் காவல் நிலையம் என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும். சர்வதேச விதிப்படி 4 கிலோவுக்குக் குறைந்த சுமை ‘இலகு’ வகை. அதனால் கேட்பாரில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2025 அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு மேலே 36,000 அடியில் பறந்த பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடியை விரிசலாக்கியது ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள வானிலை பலூன்தான்.

அதிகாரிகள் கேட்பது உங்கள் கனவை அல்ல, நேரத்தை. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால், விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் அடுக்கை 30-ஆவது நிமிடத்துக்கும் 40-ஆவது நிமிடத்துக்கும் இடையில் கடக்கும். 100 நிமிடம் வாக்கில் 30 கிலோமீட்டரில் பலூன் வெடித்து, கேமராப் பெட்டி பாராசூட்டில் மீண்டும் அதே அடுக்கு வழியாக இறங்கும். இந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். விமானிகளுக்கான நோட்டாம் அறிவிப்புக்கு இது உதவும்.

சாதாரண ஜிபிஎஸ் கருவிகள் பல 18 கிலோமீட்டருக்கு மேல் வாயை மூடிக்கொள்ளும். உயரப் பறப்பு முறை உள்ளதையே வாங்குங்கள். அலைபரப்ப அமெச்சூர் வானொலி உரிமம் உள்ள ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்வது நல்லது. ஹீலியம் நிரப்பும்போது பருத்திக் கையுறை அவசியம். பலூன் கழுத்தில், தேவையான தூக்குவிசைக்குச் சமமான எடையில் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கட்டுங்கள். அது ஏறாமலும் இறங்காமலும் மிதக்கும் நொடியில் வால்வை மூடுங்கள்.

பெட்டியின் மேல் ‘மாணவர் ஆய்வுக் கருவி, ஆபத்தில்லை’ என்று எழுதி, கைப்பேசி எண்ணோடு ஒட்டுங்கள். தமிழோடு தெலுங்கிலும் எழுதுங்கள். காற்று சற்றுத் திரும்பினால் சித்தூர்க்காரர் வயலில்தான் விழும்.