கேளுங்கள் அம்மா: நலம் விசாரிப்பதிலேயே காலை போய்விடுகிறது

கேள்வி: நான் தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். பள்ளி முழுக்கத் தமிழ் மீடியம். கணிதத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். ஜனவரியில் தன்னார்வ ஆசிரியையாகத் தான்சானியாவின் இரிங்கா பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தேன். இன்னும் எனக்கென்று ஒரு வகுப்பு தரவில்லை. காலையில் ஒவ்வொருவரையும் நலம் விசாரிப்பதிலேயே பொழுது போகிறது. நான் சைவம், எங்கு போனாலும் உகாலி என்ற களிதான். ஏழு மணிக்குள் இருட்டிவிடும். அம்மாவிடம் போனில் அழுதுவிட்டுப் படுக்கிறேன். திரும்பி வந்துவிடட்டுமா?

பதில்: மகளே, வகுப்பு தராததை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப் போல வருகிறவர்கள் ஓரிரு வருடத்தில் கிளம்பிவிடுவார்கள். பாதியில் நின்ற பாடத்தை முடிக்க வேண்டியது அந்த ஊர் ஆசிரியர்கள்தான். நீ எப்படிப்பட்டவள் என்று அவர்கள் பார்க்க வேண்டாமா? அதைப் பார்ப்பது அந்தக் காலை நல விசாரிப்பில்தான்.

பெரியவர்களைக் கண்டால் முதலில் நீதான் 'ஷிகமூ' என்று வணக்கம் சொல்ல வேண்டும். அவர்கள் 'மராஹபா' என்பார்கள். அப்புறம் வீடு, வேலை, உடம்பு என்று ஒவ்வொன்றாக விசாரிப்பு நடக்கும். அதை முடிக்காமல் காரியத்துக்குத் தாவினால் மரியாதை தெரியாதவள் என்று நினைப்பார்கள். காவலாளி, சமையல் செய்யும் அம்மா, யாரையும் விட்டுவிடாதே. தான்சானியாவின் எம்பேயாவில் நான் செவிலியர் பயிற்சி தரப் போயிருந்தபோது, ஒரு மூத்த செவிலியர் தினமும் என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரிப்பார். ஒருநாள் அவராகவே வார்டின் மருந்துப் பதிவேட்டை எடுத்து வந்து, எங்கே இடிக்கிறது என்று காட்டினார். நானாகக் கேட்டிருந்தால் காட்டியிருக்க மாட்டார்.

வகுப்பு வரும்வரை சும்மா இருக்காதே. கணித ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பான ஃபார்ம் ஒன்னின் கடைசி பெஞ்சில் போய் உட்கார். அந்தப் பிள்ளைகள் அரசு ஆரம்பப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் சுவாஹிலியில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலத்துக்கு வந்தவர்கள். கணக்கு தெரியும், கேள்விதான் புரியாது. தமிழ் மீடியத்திலிருந்து கல்லூரிக்குப் போன உனக்கு அந்த வலி தெரியாதா? ஜும்லிஷா, தோவா, சிதிஷா, கவான்யா என்று கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலில் தொடங்கி, இரு மொழியிலும் ஒரு சுவர் அட்டவணை போடலாம். சுவாஹிலியை அந்த ஆசிரியர் எழுதட்டும், ஆங்கிலத்தை நீ எழுது. உன்னால் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நேரத்தில் கவனமாக இரு. சுவாஹிலிக் கணக்கில் நம் காலை ஏழு மணிதான் ஒரு மணி. சுவாஹிலியில் யாராவது நான்கு மணிக்கு வரச் சொன்னால் காலை பத்தாகவும் இருக்கலாம். எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். உகாலி மக்காச்சோள மாவுக் களிதானே? கூட 'மஹராகே' என்ற பீன்ஸ் குழம்போ, 'ம்சிச்சா' என்ற கீரையோ கேள். ம்சிச்சா நம் முளைக்கீரை இனம். சந்தையில் பாசிப்பயறும் துவரையும் கிடைக்கும். 'விதும்புவா' விற்கிற பெண்ணைத் தேடிப் பிடி: அரிசி மாவில் தேங்காய்ப்பால் சேர்த்து, நம் பணியாரச் சட்டி போன்ற குழிச்சட்டியில் சுட்டெடுப்பது. முதல் வாய் வைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலைதான் கடினம். புறப்படும் முன் தரும் பயிற்சியில் எல்லாம் சொல்வார்கள், இருட்டிய பிறகு ஒருத்தி என்ன செய்வாள் என்பதை மட்டும் சொல்வதில்லை. இருட்டுவதற்கு முன்பே பக்கத்து வீட்டு வாசலில் நின்று 'ஹோதி' என்று குரல் கொடு. 'கரிபு' என்று உள்ளே அழைப்பார்கள். பேச்சு வராவிட்டாலும் கீரை ஆய்ந்து கொடு. அம்மாவுடன் ஞாயிற்றுக்கிழமை ஆசை தீரப் பேசு. மற்ற நாளில் ஒரு குரல் செய்தி போதும். நம் ஊர் இரண்டரை மணி நேரம் முந்தி. உன் அழுகையைக் கேட்டுவிட்டு நள்ளிரவில் அவர் எப்படித் தூங்குவார்?

பாதுகாப்பில் குறையிருந்தாலோ, யாராவது தொந்தரவு தந்தாலோ இன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பு. அப்படி எதுவும் நீ எழுதவில்லை. ஜூன் விடுமுறை வரை இரு. அதற்குள் வகுப்பு வராவிட்டால், வேறு பள்ளிக்கு மாற்றும்படி எழுத்தில் கேள்.

கேள்வி: என் மகனும் தான்சானியாவுக்குத் தன்னார்வலராகப் போகிறான். என்ன கொடுத்து அனுப்பலாம்?

பதில்: பருப்பு வேண்டாம், பருப்புப் பொடி கொடுங்கள். மலைப்பகுதி என்றால் ஜூன், ஜூலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜூன் முதல் அங்கே தடை, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கும்தான், துணிப்பையில் கட்டுங்கள். பிளக்குக்கு மூன்று பட்டைக் கம்பி உள்ள அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு, கொசுவலைக்குள் படுக்கச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால் பயணக் களைப்பு என்று படுத்துவிடாமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஊர் திரும்பிய பிறகு வரும் காய்ச்சலுக்கும், எங்கே இருந்துவிட்டு வந்தான் என்பதை இங்குள்ள மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.