பையன் எடுத்துட்டு வந்த கழுகு இறகு – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் மினசோட்டால எட்டு வருஷமா இருக்கேன். போன மாசம் வபாஷா பக்கத்துல மிசிசிப்பி கரையோரமா நடந்துட்டு இருந்தப்ப என் ஒன்பது வயசுப் பையன் ஒரு இறகை எடுத்துட்டு வந்தான். கிட்டத்தட்ட என் முழங்கை நீளம். பால்ட் ஈகிளோடதுன்னு பக்கத்து வீட்டுக்காரர் பாத்ததுமே சொல்லிட்டார். இதை வீட்ல வச்சிருந்தா ஜெயில், ஒரு லட்சம் டாலர் அபராதம்னும் சொல்றார். செவ்விந்தியர்கள் மட்டும் வச்சுக்கலாமாம். ஒரு இனத்துக்கு மட்டும் ஒரு சட்டமா, இது என்ன நியாயம் சார்? நம்ம ஊர்ல மயில்தான் தேசியப் பறவை, பழனிக்குப் பீலி கட்டிக் காவடி தூக்கிட்டுப் போறவங்கள யாரும் நீ யாருன்னு கேக்கறதில்லையே. ஊருக்கு வர்றப்ப தாத்தாவுக்கு அந்த இறகைக் கொடுக்கணும்னு பையன் பத்திரமா வச்சிருக்கான். என்ன பண்றதுன்னு தெரியல.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பையன் விஷயத்தை முதல்ல முடிச்சுடலாம். பக்கத்து வீட்டுக்காரர் சும்மா பயமுறுத்தல, சட்டம் அப்படித்தான் இருக்கு. நீங்க சொன்ன பால்ட் ஈகிள், அதாவது வெள்ளைத்தலைக் கழுகுக்காக 1940-ல போட்ட சட்டம் அது, 1962-ல பொன்னிறக் கழுகையும் அதுக்குள்ள சேத்தாங்க, கொல்றது மட்டும்னு இல்லாம இறகு, முட்டை, கூடு, நகம்னு எதையும் வச்சிருக்கறது, விக்கறது, வாங்கறது, கொண்டு போறது எல்லாமே அதுல குத்தம். முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் டாலர் வரைக்கும் அபராதம். தானா உதிர்ந்த இறகுக்கும் விலக்கு கிடையாது, ஏன்னா ஒரு இறகைக் கையில வச்சுப் பாத்து இது உதிர்ந்ததா சுட்டுப் பிடுங்குனதான்னு யாராலயும் சொல்ல முடியாது, கீழ கிடந்துச்சுன்னு எல்லாரும் சொல்லிட்டா ஒரு கேஸும் நிக்காது. உங்க பையனைத் தேடி யாரும் வரப்போறதில்லைன்னுதான் நான் நெனைக்கறேன். ஆனா அதை சூட்கேஸ்ல வச்சு இங்க மட்டும் கொண்டு வந்துடாதீங்க, நாட்டு எல்லையைத் தாண்டினா அது இன்னும் பெரிய சிக்கல். உங்க ஏரியால இருக்கற மீன் மற்றும் வனவிலங்குத் துறை ஆபீசுக்கு போன் பண்ணி, பையன் தெரியாம எடுத்துட்டான்னு நடந்ததை நடந்தபடி சொல்லி ஒப்படைச்சுடுங்க.

இப்ப நீங்க கேட்ட நியாயத்துக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு, செவ்விந்தியர்ங்கற வார்த்தையை நாம விட்டுடலாம் எஸ்., அது அவங்க தனக்கு வச்சுக்கிட்ட பேரு இல்ல. நீங்க இருக்கற மண்ணு டகோட்டா, ஓஜிப்வே மக்களோடது. வபாஷாங்கற பேரே டகோட்டா தலைவர்களோட பேருதான்.

சில வருஷம் முன்னாடி அமெரிக்கா வந்திருந்தப்ப ஒரு நண்பர் என்னை ஒரு பவ்வாவுக்குக் கூட்டிட்டுப் போனார், பவ்வாவ்னா பூர்வகுடிகள் கூடி மேளம் அடிச்சு ஆடற திருவிழா. நல்லா ஆட்டம் நடந்துட்டு இருக்கு, குழந்தைங்க ஓடிட்டு இருக்கு, சாப்பாட்டுக் கடை வாசம், திடீர்னு மேளம் நின்னுடுச்சு. எனக்கு யாரோ மயங்கி விழுந்துட்டாங்கன்னுதான் தோணுச்சு. பாத்தா ஆடிட்டு இருந்த ஒரு பையனோட உடுப்புலேருந்து கழுகு இறகு ஒண்ணு தரையில விழுந்திருக்கு. மைக்ல இருந்தவர் எல்லாரையும் எழுந்திரிக்கச் சொன்னார், தொப்பியைக் கழட்டச் சொன்னார், கேமராவை எல்லாம் கீழ வைக்கச் சொன்னார். ராணுவத்துல இருந்த நாலு பெரியவங்க வந்து அந்த இறகைச் சுத்தி நின்னு, தனியா ஒரு பாட்டுக்கு மெதுவா ஆடி, அப்புறம் ஒருத்தர் குனிஞ்சு ரெண்டு கையாலயும் எடுத்தார். விழுந்தது போர்க்களத்துல விழுந்த ஒரு வீரனுக்குச் சமம்னு நண்பர் காதுல சொன்னார். அந்தப் பையன் அழுதுட்டு இருந்தான். நானும் அழுதேன், ஏன்னு இப்பக்கூட சரியாச் சொல்லத் தெரியல.

அந்த இறகு அவங்களுக்குக் கடைப்பொருள் கிடையாது, யாராவது கொடுத்துத்தான் வரணும். சமவெளிப் பழங்குடிகள்கிட்ட அந்தக் காலத்துல ஒவ்வொரு இறகும் ஒரு துணிச்சலான காரியத்துக்காகக் கிடைச்சது, அப்படிச் சேத்ததுதான் நாம சினிமால பாக்கற அந்தப் பெரிய தலைக்கிரீடம். இன்னைக்கு ராணுவத்துலேருந்து திரும்பி வர்றவங்களுக்கு, ஸ்கூல் முடிக்கற பேரனுக்குன்னு பெரியவங்க கொடுக்கறாங்க, வாங்கினவங்க துணில சுத்தி வைக்கறாங்க, சேஜ் இலை புகையில காட்டிச் சுத்தம் பண்றாங்க. ஸ்கூல் பட்டமளிப்புல தொப்பில அந்த இறகைக் கட்டிட்டு வரக்கூடாதுன்னு சில பள்ளிக்கூடங்கள் தடுத்து, அது பெரிய சண்டையாகி, கலிஃபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் அதுக்குன்னே தனிச் சட்டம் போட வேண்டி வந்துச்சு.

இந்தப் பறவையை அழிச்சது யாருன்னு யோசிச்சுப் பாருங்க. அலாஸ்கால 1917-லேருந்து 1950-கள் ஆரம்பம் வரைக்கும் கழுகைக் கொன்னு காலை வெட்டிக் கொண்டு வந்து காட்டினா அரசாங்கமே காசு கொடுத்துச்சு, சால்மன் மீனையும் பண்ணை நரியையும் தின்னுடுதுன்னு காரணம், ஒரு லட்சத்துக்கும் மேல கழுகு அப்படிப் போச்சு. டெக்ஸஸ்ல ஆட்டுப் பண்ணைக்காரங்க சின்ன ப்ளேன்ல பறந்து பொன்னிறக் கழுகைச் சுட்டுத் தள்ளினாங்க. அப்புறம் டிடிடிங்கற பூச்சிமருந்து வந்துச்சு, முட்டை ஓடு மெலிஞ்சு அடைகாக்கற தாயோட எடையிலயே நொறுங்கிடும், 1963-ல அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த 48 மாநிலங்கள்லயும் கணக்குல வந்தது வெறும் 417 ஜோடி. 1972-ல டிடிடியைத் தடை பண்ணினாங்க, 2007-ல அருகிவரும் உயிரினப் பட்டியல்லேருந்து எடுத்தாங்க, 2021-ல வந்த கணக்குல அதே 48 மாநிலங்கள்ல மொத்தமா 3 லட்சத்துக்கும் மேல பறவைகள். சந்தோஷமான கணக்குதான், இதுல சட்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கு, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இதுல எந்த இடத்துலயாவது ஒரு டகோட்டா தாத்தா பேரனுக்குக் கொடுத்த இறகு வருதா? காலுக்குக் காசு கொடுத்த அதே நாட்டுலதான் 1883-லேருந்து 1934 வரைக்கும் அவங்களோட சூரிய நடனம்ங்கற மதச் சடங்கையே தடை பண்ணி வச்சிருந்தாங்க, அந்த நடனத்துல வாசிக்கற ஊதல் கழுகோட றெக்கை எலும்புல செய்யறது.

1962-ல சட்டத்தைத் திருத்தினப்பதான் பழங்குடிகளோட மதத் தேவைக்கு பர்மிட் கொடுக்கலாம்னு ஒரு வழி விட்டாங்க. அந்த வழி எங்க போய் நிக்குதுன்னா கொலராடோல, டென்வர் பக்கத்துல தேசியக் கழுகுக் களஞ்சியம்னு ஒரு இடம் இருக்கு, அங்க. நாடு முழுக்க கார்ல அடிபட்டு, கரண்ட் கம்பில மாட்டி, காத்தாலைல சிக்கி, ஈயம் கலந்த இரையைத் தின்னு செத்த கழுகெல்லாம் அங்க வருது. வேணுங்கறவங்க பழங்குடி உறுப்பினர்ங்கற சான்றோட மனு போடணும், 18 வயசு ஆகியிருக்கணும், காசு கிடையாது, வரிசைப்படி அனுப்புவாங்க. உதிரி இறகு சில மாசத்துல கிடைச்சுடும். முழுசா ஒரு இளம் பொன்னிறக் கழுகு, வெள்ளையா இருந்து நுனில மட்டும் கருப்பு இருக்குமே அந்த வால் இறகோட வேணும்னா வருஷக்கணக்கா காத்திருக்கணும், அதுக்குத்தான் கேக்கறவங்க ஜாஸ்தி. அந்தக் களஞ்சியம் இருக்கற நிலம் ரெண்டாம் உலகப்போர்ல ரசாயன ஆயுதமும், அப்புறம் பூச்சிமருந்தும் செஞ்ச இடம், 1986-ல அங்க வெள்ளைத்தலைக் கழுகுகள் கூட்டமா ராத்தங்கறதைப் பாத்துட்டுத்தான் அதைச் சரணாலயமாக்கற பேச்சே வந்துச்சு. விஷம் செஞ்ச மண்ணுல விஷத்தால செத்த பறவைகளையும் வாங்கி வைக்கறாங்கன்னு படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல.

சாமி காரியத்துக்குக் கேட்டா ஃப்ரீஸர்லேருந்து எடுத்து பார்சல்ல அனுப்பறாங்க, அதுவும் வருஷம் கழிச்சு. நார்தர்ன் அரபஹோ பழங்குடி இளைஞர் ஒருத்தர் 2005-ல வயோமிங்ல சூரிய நடனத்துக்காக ஒரு வெள்ளைத்தலைக் கழுகைச் சுட்டார். ரோட்டுல அடிபட்டதும் கரண்ட்ல செத்ததும் அவங்க சடங்குக்குச் சுத்தம் கிடையாது, கோயிலுக்கு வாடின பூவை யாரும் கொண்டு போக மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி. கீழ்க்கோர்ட் நீதிபதி கேஸைத் தள்ளுபடி பண்ணினார், இவங்க மதத்தை அரசாங்கம் தனக்கு வசதியான நேரத்துல, வசதியான விதத்துல மட்டும்தான் மதிக்குதுங்கற அர்த்தத்துல கடுமையா எழுதினார். 2008-ல மேல்கோர்ட் அதை மாத்திடுச்சு. ஆனாலும் அந்த மக்கள் விடல, 2012-ல வருஷத்துக்கு ரெண்டு வெள்ளைத்தலைக் கழுகு எடுத்துக்க பர்மிட் வாங்கினாங்க. அதுக்கு முன்னாடியே, யாங்க்டன் சூ பழங்குடியைச் சேந்த ஒருத்தர், அவங்க மக்கள் அமெரிக்க அரசோட போட்ட 1858 ஒப்பந்தத்துல எங்களுக்கு வேட்டை உரிமை இருக்கேன்னு கேட்டப்ப, 1986-ல சுப்ரீம் கோர்ட் ஒருமனதா முடியாதுன்னு சொல்லிடுச்சு. 1962-ல பர்மிட்னு ஒரு வழி வச்சாச்சு, அப்ப பழைய உரிமையை எடுத்துட்டதாத்தான் அர்த்தம்னு தீர்ப்பு. ரெண்டு நாடு மாதிரி உக்காந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாத்திக்க முடியும்ங்கறதை என்னால ஏத்துக்கவே முடியல.

நீங்க கேட்ட 'ஒரு இனத்துக்கு மட்டுமா' கேள்விக்கு அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் வேற ஒரு வழக்குல 1974-லயே பதில் சொல்லியிருக்கு, பழங்குடி உறுப்பினர்ங்கறது ரத்தக் கணக்கு இல்ல, அது ஒரு அரசியல் உறவு, ஒப்பந்தம் போட்ட ஒரு சமூகத்தோட குடிமகன்ங்கற மாதிரின்னு. அதனால சாதியோட ஒப்பிட்டுப் பாக்காதீங்க, பாஸ்போர்ட்டோட ஒப்பிடுங்க. எனக்கு இதுல சம்மதம்தான். என் சண்டை வேற இடத்துல இருக்கு: அந்த பாஸ்போர்ட் யாருக்குன்னு வாஷிங்டன்தான் முடிவு பண்ணுது. மத்திய அரசு அங்கீகரிச்ச பட்டியல்ல 570-க்கு மேல பழங்குடிகள் இருக்காங்க, பட்டியலுக்கு வெளிய இருக்கறவங்களும் நிறைய. ராபர்ட் சோட்டோன்னு டெக்ஸஸ்ல ஒரு போதகர், லிப்பன் அப்பாச்சி பழங்குடியைச் சேந்தவர், அவங்க மக்கள் அந்த மண்ணுல நூத்துக்கணக்கான வருஷமா இருக்காங்க, ஆனா மத்திய அரசு அங்கீகாரம் இல்ல. 2006-ல மெக்அலன் ஊர்ல அவங்க நடத்தின பவ்வாவுக்கு மாறுவேஷத்துல ஒரு மத்திய அதிகாரி வந்து இறகையெல்லாம் பிடுங்கிட்டுப் போனார். மனுஷன் கோர்ட்டுக்குப் போனார். எட்டு வருஷம் கழிச்சு 2014-ல மேல்கோர்ட் அவர் பக்கம் நின்னுச்சு, 2015-ல இறகு திரும்ப வந்துச்சு, 2016-ல அவரும் அவர் சபைல 400-க்கும் மேற்பட்டவங்களும் பயமில்லாம இறகு வச்சுக்கலாம்னு உடன்பாடு ஆச்சு. ஒரு மனுஷன் தன் தாத்தா வழி வந்த சாமி காரியத்தைப் பண்ண பத்து வருஷம் கோர்ட் வாசல்ல நிக்கணுமா எஸ்.? அவர் ஒருத்தர் நின்னார், நிக்க முடியாம இறகைப் பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சவங்க எத்தனை பேரோ.

ஆனா விக்கக்கூடாதுங்கற தடை மட்டும் கொஞ்சமும் தளரக்கூடாது, அதுல எனக்கு ரெண்டு மனசே கிடையாது. பழங்குடி உறுப்பினர்களே கூட இறகை வச்சுக்கலாம், அணியலாம், உதிர்ந்ததைப் பொறுக்கலாம், காசு வாங்காம தங்களுக்குள்ள கொடுத்து மாத்திக்கலாம், 2012-ல மத்திய அரசோட நீதி அமைச்சகம் இதை எழுத்துலயே தெளிவாப் போட்டுடுச்சு, விக்க மட்டும் முடியாது. காசு உள்ள வந்தா என்ன ஆகும்னு மொன்டானால பாத்தாச்சு, ரெண்டு பேர் சேந்து கள்ளச்சந்தைக்காகக் கழுகும் மத்த பறவையுமா கிட்டத்தட்ட 3,600 கொன்னதா 2023-ல குற்றப்பத்திரிகை போட்டாங்க. கொடுத்துத்தான் வரணும், வாங்கக்கூடாதுன்னு பெரியவங்க வச்ச வழக்கமும் சட்டமும் ஒண்ணாச் சேர்ற இடம் இது ஒண்ணுதான். பட்டியலை யார் எழுதறதுங்கறதை மட்டும் அந்த மக்கள் கையிலயே கொடுத்துடலாம்.

மயிலைப் பத்திச் சொன்னீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல மயிலுக்கு உச்சபட்சப் பாதுகாப்பு இருக்கு, ஆனா வால் பீலிக்கு மட்டும் விலக்கு, தானா உதிர்ந்ததை உள்நாட்டுல வாங்கலாம் விக்கலாம். காவடிக்கும், தர்காவுல மந்திரிக்கற பீலிக்கும் யாரும் பர்மிட் கேக்காம இருக்கறது அதனாலதான். அது நமக்குக் கிடைச்ச பெரிய வசதி, ஆனா பீலிக்காக மயிலைக் கொல்றவங்களும் அதே ஓட்டை வழியாத்தான் தப்பிக்கறாங்க. வயல்ல விஷம் வச்ச நெல்லைத் தின்னு செத்துக் கிடந்த மயில்களை நான் எங்க ஊர்ப் பக்கம் பாத்திருக்கேன், ஒண்ணுலகூட வால் இல்ல.

பையனை உங்க பக்கத்துல பொதுமக்களுக்குத் திறந்த பவ்வாவ் எதுக்காவது கூட்டிட்டுப் போங்க, கோடைல நிறைய நடக்கும். ஊர்வலமா உள்ள வர்றப்ப எழுந்து நில்லுங்க, தொப்பி போட்டிருந்தா கழட்டச் சொல்லுங்க, யாரோட உடுப்புல இருக்கற இறகையும் தொடவேணாம், போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. தாத்தாவுக்கு அந்த இறகை அவன் கையால வரைஞ்சு எடுத்துட்டு வரட்டும், ஒப்படைக்கறதுக்கு முன்னாடி உக்காந்து வரைஞ்சுடச் சொல்லுங்க. இன்னொண்ணு, ஊருக்கு வந்துட்டுத் திரும்பறப்ப தாத்தா ஆசையாப் பீலி வாங்கிக் கொடுத்தாலும் அதையும் இங்கயே வச்சுட்டுப் போகணும், பீலியை வெளிநாட்டுக்குக் கொண்டு போக இங்க தடை.

அன்புடன்.