படத்தில் இல்லாததை எழுதட்டும்

கேள்வி: சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். அவர்கள் வரைந்த படங்களை வைத்து ஹைக்கூ எழுதச் சொன்னால், படத்தில் உள்ளதையே மூன்று வரிகளில் எழுதித் தருகிறார்கள். ஐந்து, ஏழு, ஐந்து என்ற அசைக்கணக்கும் அவர்களைத் திணறடிக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: அசைக்கணக்கை இப்போதே விட்டுவிடுங்கள். அது ஜப்பானிய மொழியின் குறுகிய ஒலிகளுக்கு ஏற்பட்ட அளவு. தமிழில் ‘கரும்புத் தோட்டத்தில்’ என்று தொடங்கினாலே முதல் அடி நிரம்பி வழிந்துவிடும். பாரதியார் 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையை அறிமுகப்படுத்தியதற்குப் பிறகு, தமிழில் ஹைக்கூ எழுதியவர்களுள் பெரும்பாலோர் மூன்று அடிகளோடு நிறைவடைந்தார்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் முதலில் சொன்னதுதான். ஓவியத்தையும் ஹைக்கூவையும் ஒரே தாளில் சேர்க்கும் ‘ஹைகா’ என்னும் மரபு ஜப்பானில் உண்டு. ஓவியராகவும் கவிஞராகவும் விளங்கிய பூசோன் (1716–1784) அதில் பெரும்புகழ் பெற்றவர். அம்மரபில் கவிதை படத்துக்கு விளக்கவுரை ஆவதில்லை. படம் காட்டாத ஒன்றை அதன் அருகே கொண்டுவந்து வைக்கிறது.

கரும்புத் தோட்டமும் லாரியும் வரைந்த பிள்ளை, ‘பச்சைக் கரும்பு / பெரிய லாரி / நீல வானம்’ என்றுதான் முதலில் எழுதும். தவறு என்று சொல்லாமல், அந்த லாரி போனபின் சாலையில் என்ன கிடக்கும், என்ன மணக்கும், யார் வருவார்கள் என்று கேளுங்கள். இப்படி ஒன்று பிறக்கலாம்:

லாரி போய்விட்டது –
உதிர்ந்த கரும்பைச் சுற்றி
எறும்புக் கூட்டம்.

முதல் அடிக்குப் பின் வரும் அந்த நிறுத்தம் முக்கியமானது; லாரிக்கும் எறும்புக்கும் உள்ள தொடர்பை வாசகரே கண்டுகொள்ள அது இடம் விடுகிறது.

படங்களை மாற்றிக்கொள்ளச் செய்தால் விளையாட்டு இன்னும் சூடு பிடிக்கும். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது, எழுதுபவர் தாமே ஊகிக்க வேண்டும் என்பது மட்டுமே விதி.

மரபான ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று இருக்கும். பாடநூலில் படித்த மார்கழிப் பனியைப் பிள்ளைகள் அப்படியே எடுத்து எழுதுவார்கள்; அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். டிசம்பரில் நம் தீவில் கோடை. பிளம்புவாயான் மரங்கள் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கின்றன. தம் கண்ணெதிரே இருக்கும் பருவத்தைத் தமிழில் எழுதும்போதுதான் மொழி அவர்களுக்குச் சொந்தமாகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முடித்த கவிதையை வேறு தாளில் படியெடுக்க வேண்டாம். வரைந்த அதே தூரிகையால் படத்தில் காலியாக உள்ள இடத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஹைகாவில் எழுத்தும் ஓவியத்தின் ஒரு பகுதியே.