வார்சாவில் அறைத்தோழியின் பயம்: மாத்திரை போட்டால் சிறையா?

மாதவிடாய் தள்ளிப்போன உங்கள் அறைத்தோழி, கருக்கலைப்பு மாத்திரை போட்டால் சிறைக்குப் போக நேருமோ என்று தூக்கமில்லாமல் தவிப்பதாகச் சொல்கிறீர்கள். அப்படி நேராது. போலந்தில் தன் கருவைத் தானே கலைக்கும் பெண்ணுக்குத் தண்டனை கிடையாது. உதவுபவருக்குத்தான் 3 ஆண்டு வரை சிறை. அதனால் மாத்திரை வாங்கித் தருவதாக நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அவர் தூக்கம் கெட்டதற்கு 2020 அக்டோபர் தீர்ப்பு காரணமாக இருக்கலாம். கருவுக்குக் கடுமையான குறைபாடு இருந்தாலும் கலைக்கக் கூடாது என்றது அரசியல் சாசன நீதிமன்றம். அந்தப் பயத்தோடு வளர்ந்த பெண்ணிடம் "கவலைப்படாதே" என்று மட்டும் சொன்னால் போதாது.

முதலில், உறவு கொண்டு 3 வாரம் ஆனபின் வீட்டிலேயே கர்ப்பச் சோதனை செய்யட்டும். மன அழுத்தத்தாலும் மாதவிடாய் தள்ளிப்போகும்.

கர்ப்பம் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கட்டும். 2024 அரசு வழிகாட்டுதல்படி கர்ப்பத்தால் மனநலத்துக்கு ஆபத்து என்று அவர் தரும் சான்றும் சட்டப்படியான கருக்கலைப்புக்குச் செல்லும். ஆனால், ஒரு மருத்துவர் மனசாட்சியைச் சொல்லி மறுக்கலாம். அப்போது வேறு மருத்துவமனைக்குப் போங்கள். மனம் தாங்காவிட்டால் 116 123 என்ற மனநல உதவி எண்ணை அழைக்கட்டும்.